குடிக்கிறவரை 'விட்டுடு' என்கிறார்கள். வீட்டில் இருப்பவர் செய்ய ஒன்றுமே இல்லையா?

வாசகர் ஒருவரின் கேள்வி

"என் கணவருக்கு 41 வயது. முன்பு சனி, ஞாயிறு மட்டும் குடிப்பார். இப்போது தினமும். சண்டை போட்டுப் பார்த்தேன், பேசாமல் இருந்து பார்த்தேன், பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். மாமியாரிலிருந்து எதிர்வீட்டு அக்கா வரைக்கும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: 'அவனா பட்டுத் திருந்தினாத்தான் உண்டு, நீ விட்டுடு.' அப்படியானால் நான் செய்ய ஒன்றுமே இல்லையா?"

2024 மே 27

இருக்கிறது, நிறையவே இருக்கிறது. உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. குடிப்பதும் நிறுத்துவதும் அவர் கையில். அவருக்காக நீங்கள் நிறுத்த முடியாது. ஆனால் அங்கிருந்து நேராக 'நீ விட்டுடு' என்று தாவுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. பட்டுத் திருந்துவான் என்று காத்திருந்த வீடுகளில் திருந்தாமலே போய்ச் சேர்ந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

நான் பேசுவது என் தம்பியை வைத்து. துவாக்குடி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டர். வேலையில் கெட்டிக்காரன். கல்யாணத்துக்கு முன்பே குடி உண்டு. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த சமயத்தில் அது தினசரிப் பழக்கமாகி, பிறகு விடிந்ததும் வேண்டும் என்ற நிலைக்கு வந்தது. இப்போது குடிப்பதில்லை. எப்படி நின்றது என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

குடும்பம் நடந்துகொள்ளும் விதத்தை மாற்றினால் குடிப்பவர் சிகிச்சைக்கு வருவாரா என்று ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ராபர்ட் மேயர்ஸ் என்பவர் குடும்பத்தாருக்காக 'கிராஃப்ட்' என்று ஒரு பயிற்சியை உருவாக்கினார். 1999இல் வெளியான ஆய்வு ஒன்றில், சிகிச்சைக்கு வரவே மாட்டேன் என்று நின்றவர்களின் வீட்டார் 130 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். அந்தப் பயிற்சி பெற்றவர்களின் வீடுகளில் 64 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். குடும்பமே திரண்டு உட்கார்ந்து அவரை நேருக்கு நேர் கேட்கிற முறையில் 30 சதவீதம். குடிப்பவர்களின் வீட்டார் கூடிப் பேசும் அல்-அனான் கூட்டத்துக்குப் போகச் சொன்ன வீடுகளில் 13 சதவீதம்.

குடிப்பவர் ஒருவர்கூட அந்தப் பயிற்சியில் உட்காரவில்லை. உட்கார்ந்தது மனைவிகளும் அம்மாக்களும் கணவர்களும்தான். அதனால்தான் 'ஒன்றும் செய்ய முடியாது' என்பதை நான் ஏற்பதில்லை.

மே 28

அல்-அனானுக்கு 13 என்று எழுதியதைப் படித்துவிட்டு யாரும் அதை ஒதுக்கிவிட வேண்டாம். அது குடிப்பவரைச் சிகிச்சைக்கு இழுத்துவர ஏற்பட்ட அமைப்பே இல்லை. குடிப்பவர்களே கூடி ஒருவருக்கொருவர் கைகொடுத்துக் குடியை விடுகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸை (ஏஏ) தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சனின் மனைவி லோயிஸ், 1951இல் குடும்பத்தாருக்காக ஆரம்பித்தது. அங்கே சொல்லிக்கொடுப்பது மூன்று விஷயம். இதற்கு நீ காரணமில்லை, இதை உன்னால் அடக்க முடியாது, உன்னால் குணமாக்கவும் முடியாது. 'நீ காரணமில்லை' என்பதைக் கேட்ட அன்று என் தம்பி மனைவி அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். அதுவரை ஊர் முழுக்க அவளிடம் சொன்னது, 'பொண்டாட்டி சரியா இருந்தா அவன் ஏன் குடிக்கிறான்?'

மே 30

கேள்வி கேட்டவரிடம் நான் ஒன்று கேட்க வேண்டும். காலையில் எழுந்ததும் அவருக்குக் கை நடுங்குகிறதா? ஒரு கட்டிங் உள்ளே போனதும் அந்த நடுக்கம் நிற்கிறதா? வியர்க்கிறதா, குமட்டுகிறதா?

ஆமாம் என்றால், 'இன்றிலிருந்து ஒரு சொட்டுக்கூடக் கூடாது' என்று வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். இதைத் தெரியாமல் செய்து உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். வருஷக்கணக்கில் சாராயம் மூளையை அமுக்கியே வைத்திருக்கும். மூளையும் அதற்கு ஈடுகட்ட எந்நேரமும் முறுக்கேறியே இருக்கப் பழகிவிடும். திடீரென்று சாராயத்தை எடுத்துவிட்டால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு நாள் கழித்து, நான்காம் நாள் வரைக்கும், சித்தம் கலங்கி இல்லாத ஆள் தெரிவது, சுவரில் பூச்சி ஊர்வதாகக் கத்துவது, காய்ச்சல், படபடப்பு எல்லாம் வரலாம். இந்தக் கட்டத்தில் உயிருக்கே ஆபத்து. வீட்டில் வைத்துச் சமாளிக்கிற விஷயமே இல்லை.

மருத்துவமனையில் குளோர்டயசெபாக்சைடு மாதிரியான மாத்திரையைக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து இறக்குவார்கள். கூடவே பி1 வைட்டமின், அதாவது தயமின் ஊசி. குடித்துக் குடித்துச் சாப்பாடு குறைந்த உடம்பில் தயமின் வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் 'சோர்வா இருக்காரு' என்று தெருமுனை கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால், மிச்சமிருக்கிற தயமினும் கரைந்து மூளை பாதிக்கப்படலாம். கண் நிலைகொள்ளாமல் ஆடுவது, குடிக்காமலே நடை தள்ளாடுவது, குழப்பமான பேச்சு, இவை தெரிந்தால் அவசரம். கவனிக்காமல் விட்டால் ஞாபகசக்தி திரும்பாமலே போகும். 'இவர் தினமும் குடிப்பவர், தயமின் போட்டீர்களா?' என்று கேட்கத் தயங்காதீர்கள்.

கயிறு கட்டுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோவிலில் சத்தியம் செய்து கையில் கயிறு கட்டிக்கொண்டால் நிறுத்திவிடுவார்கள் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. அந்தச் சாமி பயத்தில் நிறுத்தியவர்கள் உண்டு, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கை நடுங்குகிற ஆள் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு, அப்புறம் கயிறு கட்டட்டும்.

ஜூன் 2

உள்பெட்டியில் ஒருவர் கேட்டது: "குடி மறக்கச் செய்யும் பவுடர் விற்கிறார்கள், அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கலாமா?"

கூடாது. டைசல்ஃபிராம் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. டென்மார்க்கில் 1940களின் இறுதியில் குடிநோய்க்கு ஆகும் என்று கண்டுபிடித்தது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். இதயத்தில் கோளாறு இருந்தால் ஆளே போகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். பேர் தெரியாத பவுடரில் இது கலந்திருந்தால்? அவருக்கே தெரியாது, வழக்கம்போலக் குடிப்பார்.

அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் எழுதிக்கொடுத்தால் இதே மாத்திரை நல்ல துணை. என் தம்பி காலையில் மனைவி எதிரிலேயே போட்டுக்கொள்வான், அவனாகக் கேட்டு அமைத்துக்கொண்ட ஏற்பாடு. ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகளும் இருக்கின்றன. கல்லீரலின் நிலையைப் பார்த்து எது என்று மருத்துவர் சொல்லட்டும்.

ஜூன் 9

சரி, இப்போது வீட்டுக்குள் வருகிறேன். எங்கள் வீட்டில் மூன்று பெண்கள், மூன்று விதமாக நடந்துகொண்டோம்.

அம்மா பணம் கொடுப்பாள். முந்தானையில் முடிந்து வைத்து, யாருக்கும் தெரியாமல். கேட்டால், "வெளியில கடன் வாங்கிக் குடிச்சு அடிபட்டு வருவான்டி. அதுக்கு நானே குடுத்துட்டா வீட்டோட கெடப்பான்" என்பாள். பெட்டிக்கடைக் கடனையும் அவளே அடைப்பாள். தம்பி மனைவி சூப்பர்வைசருக்குப் போன் போட்டு "அவருக்குக் காய்ச்சல் சார்" என்பாள். நான் ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் புத்தி சொல்வேன். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, நான் பஸ் ஏறியதும் கடைக்குப் போவான்.

இதில் யாருக்கும் பாசம் குறைவில்லை. ஆனால் குடியால் வருகிற கஷ்டம் எதுவும் அவன் மேல் விழவே இல்லை, எல்லாவற்றையும் நாங்கள் மூன்று பேரும் நடுவில் நின்று வாங்கிக்கொண்டிருந்தோம். வேலைக்குப் போகாததற்கு அவன் பதில் சொல்லவில்லை, கடனுக்கு அவன் பதில் சொல்லவில்லை. அவனுக்குக் கிடைத்ததெல்லாம் திட்டு மட்டும். குடிக்கிறவருக்குத் திட்டு ஒரு பொருட்டே இல்லை. பல சமயம் அதுவே அடுத்த குவார்ட்டருக்குக் காரணமாகிவிடும்.

ஆலோசகர் ஒருவர் சொல்லித்தர, தம்பி மனைவிதான் முதலில் மாறினாள். போன் வந்தால், "அவர்கிட்டயே பேசுங்க சார்" என்று அவன் கையில் கொடுத்துவிடுவாள். பொய்யும் இல்லை, புகாரும் இல்லை. குடித்துவிட்டு வந்தால் வாக்குவாதம் கிடையாது, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வதும் கிடையாது. சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுப் பிள்ளையோடு உள்ளே போய்விடுவாள். (நினைவில்லாமல் விழுந்து கிடந்தால் மட்டும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கூடவே இருந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். வாந்தி மூச்சுக்குழாயில் போய்விட்டால் முடிந்தது. எழுப்பியும் அசையவில்லை, மூச்சு சீராக இல்லை என்றால் 108.)

குடிக்காமல் வந்த நாளில் அவள் செய்தது இன்னும் முக்கியம். அன்று சேர்ந்து டீ குடிப்பாள், பக்கத்தில் உட்காருவாள். "ஏங்க, நேத்து நீங்க பாப்பாவோட வீட்டுப்பாடத்துக்கு உக்காந்தீங்கள்ல, அவ இன்னிக்கு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தா" என்பாள். அதோடு சரி. 'இப்படியே தினமும் இருந்தா என்ன' என்று வால் சேர்க்க மாட்டாள். அந்த வால்தான் எல்லாவற்றையும் கெடுப்பது என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். குடிக்காத நேரம் இனிமையாகவும் குடித்த நேரம் ஆள் துணை இல்லாமலும் இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. குடித்துவிட்டு வந்தால் வீடே அவரைச் சுற்றி நிற்கும், தெளிவாக வந்தால் அவரவர் டிவி பார்ப்போம்.

அம்மாவை மாற்றுவதுதான் பெரும்பாடு. "பணம் குடுக்காதே" என்றால் அழுவாள். கடைசியில் தம்பி மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். "அத்தே, அந்தக் காசுக்கு மீன் வாங்குங்க. அவர் தெளிவா வர்ற அன்னிக்கு உங்க கையால கொழம்பு வைங்க." அம்மாவுக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது, கொடுக்கிற கை அது. அதனால் என்ன கொடுப்பது என்பதை மட்டும் மாற்றினோம். அம்மா விரால் மீன் குழம்பில் பெயர் வாங்கியவள். அவன் அதற்காகவே சில நாள் நேராக வீட்டுக்கு வந்தான் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

ஜூன் 10

நேற்று எழுதியதைப் படித்து ஒருவர், "பணத்தை நிறுத்தினேன், ஒரே நாளில் உடம்பெல்லாம் நடுங்குகிறது, என்ன செய்ய?" என்று பதறிப்போய் எழுதியிருக்கிறார். அவருக்குத் தனியாகப் பதில் போட்டுவிட்டேன், இன்றே மருத்துவமனை என்று. மற்றவர்களும் மே 30 குறிப்பை நேற்றைய குறிப்போடு சேர்த்துப் படியுங்கள். நடுக்கம் உள்ள ஆளுக்குப் பணத்தை அடைப்பது முதல் வேலை இல்லை. முதலில் மருத்துவம், பிறகுதான் பணம். அப்புறம், பிள்ளை பீஸ், மருந்துச் செலவு, வாடகை இதையெல்லாம் நிறுத்தச் சொல்லவில்லை. அவர் கையில் கொடுக்காமல் நேராகக் கட்டிவிடுங்கள்.

ஜூன் 16

அவன் எப்படிச் சம்மதித்தான் என்று பலரும் கேட்கிறீர்கள்.

வங்கியில் பணம் எடுக்கப் போயிருக்கிறான். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு படிவத்தில் போட்டான், அதுவும் சேரவில்லை. பின்னால் வரிசையில் ஆள் நிற்கிறார்கள். கோடு பிசகாமல் வெல்டிங் வைக்கிற கை அது. அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தான். "அக்கா, கை நிக்கமாட்டேங்குது" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நான் அன்று புத்தி சொல்லவில்லை. "நாளைக்குக் காலையில நானும் வர்றேன், டாக்டரப் பாப்போமா?" என்று மட்டும் கேட்டேன். "ம்" என்றான். எந்த ஆஸ்பத்திரி, ஓ.பி. எத்தனை மணிக்கு, யாரைப் பார்க்கணும், பிள்ளையை யார் வீட்டில் விடுவது எல்லாவற்றையும் தம்பி மனைவி முன்பே விசாரித்து வைத்திருந்தாள். மறுநாள் காலை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் நின்றோம். 'அடுத்த வாரம் பாக்கலாம்' என்று விட்டிருந்தால் அந்த 'ம்' போயிருக்கும். குடிக்கிறவர் மனசு இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். நம் பக்கம் ஆடுகிற நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டும்.

எந்த நேரத்தில் பேசுவது என்று தனியாகக் கேட்டவருக்கு: கடை பகல் 12 மணிக்குத் திறப்பதால் காலையில் பேசலாம் என்று தோன்றும். ஆனால் முற்றிய நிலையில் காலைதான் அவருக்கு மிக மோசமான நேரம், நடுக்கத்திலும் எரிச்சலிலும் இருப்பார். அவரே வெட்கப்பட்டு நிற்கிற, அவரே பேச்சை எடுக்கிற நேரமாகப் பாருங்கள். விழுந்து தையல் போட்டு வந்த மறுநாள், பிள்ளை ஏதோ கேட்டு அவர் பதில் சொல்ல முடியாமல் நின்ற பொழுது, அப்படி.

ஜூன் 23

கள்ளக்குறிச்சிச் செய்தியைப் பார்த்துவிட்டு இரண்டு நாளாக எதுவும் எழுத ஓடவில்லை. கருணாபுரத்தில் ஒரே தெருவில் வரிசையாகப் பாடை. இறந்தவர் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டிவிட்டது. மெத்தனால் கலந்த சாராயம். குடித்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலை செய்பவர்கள். கடைச் சரக்கு வாங்கக் கட்டுப்படியாகாமல் பாக்கெட் சாராயத்துக்குப் போனவர்கள்.

வீட்டில் இருப்பவர்கள் இதை மட்டும் மனதில் வையுங்கள். மெத்தனால் உடனே காட்டிக்கொடுக்காது. சாதாரணப் போதை மாதிரிதான் முதலில் தெரியும். பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள், வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு, கண் மங்கல். உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. 'பார்வை பனிமூட்டமா இருக்கு' என்று குடித்தவர் சொன்னால் மோர் கொடுத்துப் படுக்கவைக்காதீர்கள், பெரிய அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். விஷத்தை முறிக்கிற மருந்து இருக்கிறது, நேரத்துக்குப் போனால். போலீஸ் கேஸ் ஆகும், ஊருக்குத் தெரியும் என்று பயந்து தாமதிக்க வேண்டாம்.

ஜூலை 14

இதுவரை எழுதிய எதுவும் அடி விழுகிற வீட்டுக்குப் பொருந்தாது. அவர் கை ஓங்குகிறவர் என்றால் பாராட்டிப் பேசுவது, டீ போட்டுக் கொடுப்பது எல்லாம் அப்புறம். முதலில் நீங்களும் பிள்ளைகளும் பத்திரமாக இருக்க வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ், கொஞ்சம் பணம் இவற்றை நம்பகமான வேறு வீட்டில் வைத்துவிடுங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போனாலும் கதவைத் திறக்கிற வீடு எது என்று முன்பே பேசி வையுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவும், அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையும் கேட்டு வாங்க முடியும். 'போதையில அடிச்சுட்டான், தெளிஞ்சா தங்கமான பிள்ளை' என்று சொல்கிற பெரியவர்களின் பேச்சைக் கேட்டு உடம்பைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். பிரிந்து போவதும் குடும்பம் செய்யக்கூடிய உதவியில் ஒன்றுதான்.

ஆகஸ்ட் 4

மறுவாழ்வு மையம் எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். மையத்துக்கு அரசு உரிமம் இருக்கிறதா? மனநல மருத்துவர் தினமும் வருகிறாரா, இரவில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள்? குடும்பத்தார் எப்போது பார்க்கலாம், போனில் பேசலாமா? என்ன மருந்து கொடுக்கிறார்கள் என்று எழுதித் தருவார்களா? 'மூணு மாசம் யாரும் பாக்கக் கூடாது, நாங்களே வண்டி அனுப்பித் தூக்கிட்டு வந்துடுவோம்' என்று சொல்கிற இடம் வேண்டவே வேண்டாம். எங்களுக்குத் தெரிந்த பையன் ஒருவனை அப்படி ஓரிடத்தில் விட்டு, முதுகெல்லாம் தடிப்போடு கூட்டிவந்தார்கள். வெளியே வந்த அன்றே குடித்தான். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் குடியால் வரும் மனநலக் கோளாறையும் தனக்குள் சேர்த்திருக்கிறது. ஆளைக் கட்டிவைத்து அடிக்க எந்த மையத்துக்கும் உரிமை இல்லை.

செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் முதலில் மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். என் தம்பிக்கு அங்கேதான் பார்த்தது. வழிகாட்ட ஆள் வேண்டுமென்றால் 14446, போதை மீட்புக்கான தேசிய உதவி எண். உங்கள் மனசே கனத்துப்போனால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

சென்னை அடையாறில் இருக்கிற டி.டி.கே. மருத்துவமனை பற்றிக் கேட்டிருந்தார்கள். அதை 1980இல் தொடங்கியவர் சாந்தி ரங்கநாதன். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். இளம் வயதில் விதவையான பெண், அந்தக் காலத்தில், வாய்விட்டு 'என் கணவர் குடியால் இறந்தார்' என்று சொல்லி அதற்காகவே ஒரு மருத்துவமனை தொடங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். 1992இல் பத்மஸ்ரீ கிடைத்தது. திருவாரூர் பக்கம் மஞ்சக்குடியில் கிராம முகாமும் நடத்தினார்கள். ஊரிலேயே வைத்து, ஊர்க்காரர்களே சமைத்துப் போட்டு, 15 நாள் சிகிச்சை. பட்டணத்துக்கு வர முடியாதவனின் வாசலுக்கே மருத்துவம் போனது. இன்றைக்கு ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் அப்படி ஒன்று தேவை என்று நான் அடித்துச் சொல்வேன். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மீதி 37 பேரின் வீட்டில் யாரோ ஒரு பெண் 'நீ விட்டுடு' என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அக்டோபர் 28

தீபாவளி வருகிறது. நிறுத்தியவர்களின் வீட்டில் வயிற்றைக் கலக்குகிற வாரம் இது.

தம்பி நிறுத்திய பிறகு வந்த முதல் தீபாவளிக்கு அவன் மாமனார் வீட்டில், "ஒரு நாளைக்கு என்ன மாப்ள, பீர்தானே" என்று ஒரு சித்தப்பா கிளாஸை நீட்டினார். குடித்துவிட்டான். மறுநாளும் குடித்தான், அதற்கு அடுத்த நாளும். 'போச்சு, எல்லாம் வீண்' என்று அம்மா படுத்துவிட்டாள். மருத்துவர் பதறவே இல்லை. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் திட்டியா அனுப்புகிறோம், மருந்தைத் திருத்திக் கொடுக்கிறோம், இதுவும் அப்படித்தான் என்றார். எந்த இடத்தில், யார் எதிரில், என்ன மனநிலையில் கை நீண்டது என்று அவனிடமே கேட்டு எழுதினார். அடுத்த வருஷம் அந்த வீட்டுக்குப் போகவில்லை. தம்பி மனைவி அவள் அம்மாவிடம், "நீங்க இங்க வாங்கம்மா" என்று சொல்லிவிட்டாள். கல்யாணமானதிலிருந்து தலைதீபாவளி உட்பட எல்லாத் தீபாவளியும் அங்கேதான் நடந்தது. அவள் அப்படிச் சொல்ல எவ்வளவு துணிந்திருக்க வேண்டும்!

இன்னொன்று, குடியை விட்டவர்களுக்கு இனிப்பு மேல் ஆசை வருவது சகஜம். போன தீபாவளிக்கு நான் செய்துகொண்டுபோன அதிரசத்தில் பாதி டப்பா மாயமாகிவிட்டது. மகள் கண்டுபிடித்துவிட்டாள், "அத்தே, அப்பா பாக்கெட்ல எண்ணெய்!" என்று. வீடே சிரித்தது. முன்பெல்லாம் அவன் பாக்கெட்டைத் தேடிய காரணமே வேறு.

நவம்பர் 17

நேற்று கார்த்திகை பிறந்தது. முதலில் கேள்வி கேட்ட சகோதரி எழுதியிருக்கிறார்: அவர் கணவர் தானாகவே மாலை போட்டுக்கொண்டாராம். கை நடுக்கம் இல்லை, மருத்துவரிடம் ஒருமுறை காட்டியும் ஆயிற்றாம். மிகவும் சந்தோஷம்.

மாலை போட்டால் நிற்கும், கழற்றினால் மறுபடி தொடங்கும் என்று பலர் சலித்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நான் அப்படிப் பார்ப்பதில்லை. ஒரு மண்டலம் குடிக்காமல் இருக்க முடிகிறது என்பதை அவரே தெரிந்துகொள்கிறார். விடிகாலைக் குளியல், கூட்டுப் பஜனை, 'சாமி' என்று கூப்பிடுகிற மரியாதை, கூடவே மாலை போட்ட நண்பர்கள் என்று குடி எடுத்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் வேறொன்றால் நிரம்புகிறது. கழற்றிய மறுநாள் அந்த இடம் காலியாகிவிடுவதுதான் சிக்கல். அதனால் மாலையில் இருக்கும்போதே பேசி வையுங்கள். மலையிலிருந்து இறங்கி வந்த வாரத்துக்கே மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். பக்கத்தில் ஏஏ கூட்டம் எங்கே நடக்கிறது என்று விசாரியுங்கள், அதற்குக் கட்டணமும் இல்லை. திரும்பி வருகிற வண்டியிலேயே பாட்டில் திறக்கிற கோஷ்டி எது என்று அவருக்கே தெரியும். யாரோடு மலைக்குப் போவது என்பதை இப்போதே அவர் முடிவு செய்யட்டும்.

சகோதரி, தையல் வகுப்புக்குத் திரும்பப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், போங்கள். அவர் நின்றாலும் நிற்காவிட்டாலும் போங்கள்.

டிசம்பர் 8, ஞாயிறு இரவு

கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருவர் இப்போதுதான் எழுதினார். "அப்பா நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வர்றேன்னுட்டார். நான் என்ன செய்யணும்?" அவருக்கு எழுதியதை இங்கேயும் போடுகிறேன்.

அப்பாவுக்கு நடுக்கம் உண்டு என்கிறீர்கள். அதனால் இன்று ராத்திரி அவரைக் காவல் காத்து முழுக்க நிறுத்தவைக்க முயற்சி செய்யாதீர்கள், சாப்பிடவைத்துத் தூங்கவிடுங்கள். ராத்திரியே வலிப்போ குழப்பமோ வந்தால் காலை வரை காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். ஓ.பி. சீட்டுக்கு ஏழரைக்கே போய்விடுங்கள், கூட்டம் சேர்ந்தால் 'நாளைக்கு வரலாம்' என்று அவரே கிளம்பிவிடுவார். ஆதார், முன்பு பார்த்த மருத்துவச் சீட்டு, அவர் சாப்பிடுகிற வேறு மாத்திரைகள், ஒரு செட் துணி, அட்மிட் செய்தால் வேண்டும். மருத்துவர் கேட்கும்போது அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை வருஷமாக, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, முன்பு எப்போதாவது வலிப்பு வந்ததா, இந்த நான்கையும் இப்போதே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருந்தின் அளவை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

அம்மாவையும் கூட்டிப் போங்கள். வழியில் பழைய கணக்கு எதையும் எடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள். பஸ்ஸைவிட ஆட்டோ நல்லது. போகிற வழியில் கடை எதிரே இறங்காத பாதையாகச் சொல்லுங்கள்.